பருவமறிந்து இடும் பிடியன்னம்

இல்லறத்தார் நாள்தோறும் ஆற்ற வேண்டிய ஐம்பெரும் வேள்விகளுள் ஒன்று பூதயக்ஞம். தேவர்க்கும் ரிஷிகளுக்கும் பிதிர்களுக்கும் விருந்தினர்க்கும் ஆற்றும் கடன்களுக்கு இணையாக, வாயில்லா உயிர்களுக்கு உணவிடுவதையும் ஒரு கடனாகவே பெரியோர் விதித்தனர். உலையிலிருந்து இறக்கிய அன்னத்தை ஆண்டவனுக்கு நிவேதித்து, அதில் ஒரு பிடியைக் காக்கைக்கு வைத்து, அதன் பின்பே இலைமுன் அமரும் வழக்கம் இன்றும் பல இல்லங்களில் வழுவாமல் நடந்து வருகிறது. கொல்லைப்புறம் மொட்டைமாடியாகவும், மொட்டைமாடி அடுக்குமாடி வீட்டின் பலகணியாகவும் சுருங்கிய பின்னரும் இவ்வழக்கம் சுருங்கவில்லை. பிள்ளைகள் வேற்றூர்களில் வாழ, முதியோர் இருவர் மட்டுமே தங்கிய வீடுகளில், அழைத்த குரலுக்குத் தவறாமல் வரும் சுற்றம் இந்தப் பறவைகளே.

ஆயினும், இடுவது வேறு. அறிந்து இடுவது வேறு.

மயில் அகவக் கேட்டு, அது குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை ஈந்தவன் வையாவிக் கோப்பெரும்பேகன். பெறும் உயிருக்கு அப்பொருள் பயன்படுமா என்று ஆராயாமல் ஈந்த அந்த வள்ளன்மையைக் 'கொடைமடம்' என்று சங்கப் புலவர் சிறப்பித்தனர். ஒருமுறை ஈந்து புகழ்கொண்ட மன்னனுக்கு அது அழகு. நாள்தோறும் இடும் இல்லறத்தாருக்கோ, பெறும் உயிரின் தேவையை அறிந்து இடுவதே அறமாகும்.

திருக்குறளில் காக்கை இரண்டு அதிகாரங்களில் வருகிறது. 'காலமறிதல்' என்னும் 49-ஆம் அதிகாரத்தில், தன்னினும் வலிய கூகையைப் பகற்பொழுதில் வெல்லும் பறவையாக வருகிறது. 'சுற்றந்தழால்' என்னும் 53-ஆம் அதிகாரத்தில், கிடைத்ததை ஒளிக்காமல் இனத்தை அழைத்து உண்ணும் பறவையாக வருகிறது. காலத்தை அறிவதும் சுற்றத்தைப் பேணுவதும் ஆகிய இவ்விரண்டும் கூடிய இடத்தில்தான் பறவைக்கு இடும் பிடியன்னம் முழுமை பெறுகிறது.

காலம் என்பது முதலில் பொழுதைக் குறிக்கும். இரவு முழுவதும் உண்ணாதிருந்த சிறு பறவைக்கு விடியற்காலையே பசி மிகுந்த வேளை. சூரியன் எழுந்தவுடன் சிறிதளவு தானியமும், நிவேதனத்திற்குப் பின் காக்கைக்கு அன்னமும் வைப்பது ஏற்றது. மாலையில் வைப்பதாயின், கதிரவன் மறைவதற்கு ஒரு நாழிகையேனும் முன்பாக வைத்தல் நலம். இருட்டிய பின் எஞ்சிக் கிடக்கும் சோறு எலியை அழைக்கும். எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

அடுத்து, காலம் என்பது பருவத்தைக் குறிக்கும். நம் முன்னோர் ஆண்டினை இரண்டிரண்டு மாதங்களாக ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஒவ்வொரு பொழுதிலும் பறவையின் தேவை ஒவ்வொரு வகையானது.

இளவேனில்: சித்திரை, வைகாசி

இம்மாதங்களில் பறவைக்கு இடும் பெரும் அன்னம் தண்ணீரே. பறவைகளுக்கு வியர்வை இல்லை. அலகைத் திறந்து மூச்சு வாங்கியே அவை உடற்சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. அவ்வாறு மூச்சு வாங்குந்தோறும் உடலிலுள்ள நீர் வற்றுகிறது. கத்திரி வெயிலில் வாய் பிளந்து கைப்பிடிச் சுவரில் அமர்ந்திருக்கும் காக்கை சோற்றைத் தேடி வந்ததன்று; நீரைத் தேடி வந்தது. கோயில் வாயிலில் நீர்மோர்ப் பந்தல் அமைக்கும் அதே புண்ணியம், நிழலில் வைக்கும் ஒரு மண்சட்டி நீருக்கும் உண்டு.

சட்டி அகன்றதாயும் ஆழமற்றதாயும் இருக்க வேண்டும். இரண்டு அங்குலத்திற்கு மேல் ஆழம் வேண்டா. நடுவில் ஒரு கல்லை இட்டால் சிட்டுக்குருவி அதன்மேல் நின்று அச்சமின்றிக் குடிக்கும், நீராடவும் செய்யும். பூனை பதுங்கும் புதரை ஒட்டி வைத்தலாகாது. நீரை நாள்தோறும் மாற்றி, சட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு தன் முட்டைகளைப் பாத்திரத்தின் பக்கங்களில் ஒட்டி வைக்கிறது. நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் அவை போவதில்லை.

கோடையில் யாத்திரை செல்வோர் பலர். வீட்டைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுக்கும்போது, நீர்ச்சட்டியின் பொறுப்பையும் உடன் கொடுத்துச் செல்வது சிறந்தது. பழகிய இடத்தில் நீர் இருக்கும் என்று நம்பி வரும் உயிர், சித்திரை வெயிலில் ஏமாந்து திரும்புதல் ஆகாது.

முதுவேனில்: ஆனி, ஆடி

கோடையில் தொடங்கிய கூடுகளில் குஞ்சுகள் வளரும் காலம் இது. தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தன் குஞ்சுக்குப் புழுவையும் பூச்சியையுமே ஊட்டுகிறது. பூவின் தேனை உண்ணும் தேன்சிட்டும் குஞ்சுக்குச் சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் கொண்டுவருகிறது. வளரும் உடலுக்குச் சோறும் நொய்யும் போதா என்பதைத் தாய்ப்பறவை அறிந்திருக்கிறது. ஆகவே, இப்பருவத்தில் தோட்டத்துச் செடிகளில் பூச்சிமருந்து தெளிக்காமல் இருப்பதே பறவைக்கு இடும் உணவாகும். எலுமிச்சை இலையில் நான்கு புழுக்கள் தென்பட்டவுடன் நஞ்சைத் தெளித்துவிட்டு, அதே தோட்டத்துச் சுவரில் அன்னம் வைப்பது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதற்கு ஒப்பாகும்.

மொட்டைமாடிக்குச் செல்வோரின் தலையில் காக்கை தட்டிவிட்டுப் போவதும் பெரும்பாலும் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் இம்மாதங்களில்தான். சனி தோஷம் என்றும், ஏதோ கெடுதல் வரப்போகிறது என்றும் பெரியவர்கள் கலங்குவதுண்டு. அருகிலுள்ள மரத்தை அண்ணாந்து பார்த்தால் கூடு தெரியும். கீழ்க்கிளையில் பறக்கப் பழகும் குஞ்சும் இருக்கும். அது சாபமன்று, ஒரு தாயின் காவல். சில நாட்கள் குடையைப் பிடித்துச் செல்வதே அதற்குரிய பரிகாரம். அதே கூட்டில் குயிலின் குஞ்சும் வளரக்கூடும். தன்னுடையது, பிறருடையது என்று வேற்றுமை பாராமல் ஊட்டுகின்ற காக்கையைக் கடிந்துகொள்ள யாருக்கு மனம் வரும்?

தரையில் விழுந்து கிடக்கும் இறகு முளைத்த குஞ்சைக் கண்டால், இரக்கம் மிகுந்து வீட்டிற்குள் எடுத்துச் சென்று பாலைப் புகட்டுவோர் உளர். பறவைக்குப் பால் செரிக்காது. வாயில் ஊற்றும் நீர் மூச்சுக்குழலில் புகுந்து உயிருக்கே கேடாகலாம். நாய், பூனை எட்டாத தாழ்ந்த கிளையில் மெல்ல வைத்துவிட்டு விலகி நின்றால், தாய்ப்பறவை வந்து உணவூட்டும். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் அச்சமே.

கார்: ஆவணி, புரட்டாசி

மகாளய பட்சம் வரும் பொழுது இது. ஆடி அமாவாசையில் தொடங்கிப் புரட்டாசி அமாவாசை வரையில், பிதிர்களை எண்ணிக் காக்கைக்கு அன்னமிடாத இல்லம் அரிது. அன்று ஊரெங்கும் ஒரே வேளையில் வடையும் பாயசமும் கலந்த அன்னம் குவிகிறது. காக்கை எத்தனை வீட்டில்தான் உண்ணும்? வயிறு நிறைந்த காக்கை வாராதபோது, பிதிர்கள் ஏற்கவில்லையோ என்று மனம் கலங்கிக் காத்திருக்கும் முதியோரும் உண்டு. அக்கலக்கம் வேண்டா. பசியில்லாத பறவை வாராதது இயல்பு.

சாத்திரம் கேட்பது பிடியே, குவியலன்று. கைக்கடக்கமான ஒரு பிண்டம் வைத்து, எஞ்சியதை வேளை கழிந்ததும் அகற்றிவிடுதல் முறை. வெயிலிலும் தூறலிலும் கிடந்து புளித்த அன்னம் அடுத்த நாள் வரும் பறவைக்கு நோயாகும். இன்னுமொன்று எண்ணத்தக்கது: அமாவாசையன்று வந்த அதே காக்கைக்கு மறுநாள் பிரதமையிலும் பசிக்கும். அன்று சுவர்கள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். திதியன்று இலைநிறைய இடுவதினும், திதிக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் ஒரு பிடி இடுவது முன்னோர் உள்ளம் குளிரும் செயல்.

கூதிர்: ஐப்பசி, கார்த்திகை

வடகிழக்குப் பருவமழை பொழியும் காலத்தில் தானியத்தைத் திறந்த வெளியில் தூவுதல் கூடாது. நனைந்த கம்பும் அரிசியும் ஒரே நாளில் பூசணம் பிடிக்கும். பூசணம் பூத்த நிலக்கடலை பறவையின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. தாழ்வாரத்தின் கீழோ, மழைச்சாரல் படாத திண்ணையிலோ, ஒரு வேளைக்குத் தீரும் அளவே வைத்தல் வேண்டும். விடாமல் மழை பெய்யும் நாட்களில் பூச்சிகள் வெளிவாரா. பறவைகள் இரை தேட இயலாமல் ஒடுங்கியிருக்கும். அந்நாட்களில் மழை சற்றே ஓய்ந்த வேளையில் இடும் ஒரு பிடிக்கு மதிப்பு மிகுதி. மழைக்குப் பின் ஈசல் கிளம்பும் மாலையிலோ, கரிச்சானுக்கும் மைனாவுக்கும் இறைவனே விருந்து வைத்துவிடுகிறான்.

இப்பருவத்தில் தொலைவிலிருந்து வரும் விருந்தினர் சிலர் உளர். இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டி வாழும் ஆறுமணிக்குருவி, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னகம் வருகிறது. காலையும் மாலையும் அந்தி வேளையில் குரல் கொடுப்பதால் அதற்கு அப்பெயர். பச்சையும் நீலமும் சிவப்பும் கலந்த அச்சிறு பறவை அரிசியையும் சோற்றையும் தொடாது. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் சருகைக் கிளறி, அடியிலுள்ள புழு பூச்சிகளையே உண்ணும். தோட்டத்தின் ஒரு மூலையில் சருகைப் பெருக்காமலும் எரிக்காமலும் விட்டுவைப்பதே அந்த அதிதிக்குச் செய்யும் விருந்தோம்பல்.

தீபாவளியும் இப்பருவத்திலேயே வருகிறது. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், அங்குள்ள நீர்ப்பறவைகள் அஞ்சிக் கூட்டைவிட்டு அகலக் கூடாதென்று பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைக்கு அம்மக்கள் ஈவது அன்னமன்று, அமைதி.

முன்பனி: மார்கழி, தை

நீண்ட இரவுகளை உடைய மாதம் மார்கழி. பறவையின் இரவுப் பட்டினியும் அதற்கேற்ப நீள்கிறது. இம்மாதத்தில் அதிகாலையில் அரிசிமாவினால் கோலமிடும் வழக்கத்தின் நயம் இங்கே விளங்கும். எறும்பு உண்ண, குருவி கொத்த, வாசலே ஓர் இலையாக விரிகிறது. கல்மாவினால் இடும் கோலம் கண்ணுக்கு அழகு, உயிர்க்கு உணவன்று. கோலம் முழுவதையும் அரிசிமாவினால் இட இயலாதவர் நடுவிலுள்ள ஒரு தாமரையையேனும் அரிசிமாவினால் இடலாம்.

பூசைக்குப் பூப்பறிக்கும் அன்பர்கள் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. விடியுமுன் எழுந்து செம்பருத்தி, நந்தியாவட்டை என்று செடியில் ஒன்றும் விடாமல் பறித்துவிட்டால், பொழுது விடிந்து வரும் தேன்சிட்டும் பூச்சியுண்ணும் சிறு குருவியும் வெறுங்கிளையைக் கண்டு திரும்பும். செடிக்கு இரண்டு மலர்களை விட்டுவைத்தால், அவையும் அர்ச்சனையே ஆகும்.

தை பிறந்து கனுவன்று, பெண்கள் மஞ்சள் இலையில் வண்ணவண்ணப் பிடிகளாக அன்னம் வைத்து, உடன்பிறந்தார் நலம் வேண்டுகின்றனர். காக்கையும் குருவியும் கூடி வாழ்வதுபோல் குடும்பம் கூடி வாழ வேண்டும் என்பதே கனுப்பிடியின் கருத்து. அப்பிடிக்கு நிறமேற்ற மஞ்சள்தூள் போதும். கடையில் விற்கும் இரசாயனச் சாயங்களையும், சாயம் ஏற்றிய குங்குமத்தையும் தவிர்த்தல் வேண்டும். எந்த உயிரைச் சான்றாக வைத்து வேண்டுகிறோமோ, அந்த உயிருக்கே அது தீங்கு விளைக்கலாகாது. புதிதாக அறுத்த நெற்கதிரைக் கொத்தாகக் கட்டி முற்றத்தில் தொங்கவிடும் பழைய வழக்கமும் சிட்டுக்குருவிக்கு இப்பருவத்தில் ஏற்றது.

பின்பனி: மாசி, பங்குனி

இலையுதிர்ந்து நிற்கும் கல்யாணமுருங்கை, செந்நிறப் பூக்களால் மூடப்பெறும் காலம் இது. மைனாவும் காக்கையும் தேன்சிட்டும் அம்மரத்தில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதைக் காணலாம். ஆலும் அரசும் அத்தியும் ஒவ்வொரு மரமாக வெவ்வேறு காலத்தில் பழுப்பதால், ஓர் ஊரில் இம்மரங்கள் பல இருப்பின் குயிலுக்கும் குக்குறுவானுக்கும் ஆண்டின் பெரும்பகுதி உணவு கிட்டும். கோயில் குளக்கரையில் அரசமரத்தை வைத்து வளர்த்த முன்னோர், வலம்வரும் மனிதர்க்காக மட்டும் அதை வளர்த்தாரல்லர் என்றே எண்ணத் தோன்றுகிறது.

சிட்டுக்குருவிகள் கூடு கட்ட இடம் தேடும் பொழுதும் இதுவே. ஓட்டு வீடும் உத்தரமும் மறைந்த பின் அவற்றுக்கு இடமில்லாது போயிற்று. ஒன்றேகால் அங்குலத் துளையிட்ட ஒரு மரப்பெட்டியை வெயில்படாத சுவரில் உயர மாட்டிவைத்தால் போதும். உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்பெறும் மார்ச் 20 பங்குனித் தொடக்கத்தில் வருவது பொருத்தமே. நீர்ச்சட்டியைக் கழுவி மீண்டும் நிழலில் வைக்க வேண்டிய நாளும் அதுவே எனலாம்.

எப்பருவத்திற்கும் பொதுவானவை

உப்பு மிகுந்த பண்டம், எண்ணெயில் பொரித்த பலகாரம், பிஸ்கட், ஊசிப்போன சோறு ஆகியவை பறவைக்கு ஏலா. தமக்கு உதவாத உணவைப் பறவைக்கு வைத்துப் புண்ணியம் தேடுதல் தகாது; நிவேதனத்திற்கு உரிய தூய்மை பலிக்கும் உண்டு. உப்பிடாத சோறு, கம்பு, தினை, நொய்யரிசி, பழத்துண்டு ஆகியவை ஏற்றவை. உணவு வைக்கும் இடத்தை நாள்தோறும் கழுவுதல் வேண்டும். பழைய எச்சில் படிந்த தட்டின் வழியாகவே பறவைகளிடையே நோய் பரவுகிறது. தட்டைத் தொட்ட கையையும் சோப்பிட்டுக் கழுவிய பின்பே பூசையறைக்குள் செல்லலாம்.

மாடப்புறாக்களுக்கு மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டுவது இந்நாளில் பெருகியிருக்கிறது. ஆண்டு முழுவதும் இனம்பெருக்கும் பறவை அது. உணவு மிகுந்தால் கூட்டமும் மிகும். உலர்ந்த எச்சத்தின் தூசியை நாள்தோறும் சுவாசிப்போர்க்கு நுரையீரல் இறுகும் நோய் வரக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். மூச்சுத் தொல்லை உடைய முதியோர்க்கு இது பெரும் இடர். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களையும் அவ்வெச்சம் அரிக்கிறது. ஆதலின், பலகணியில் புறாக்கூட்டத்திற்குத் தானியம் கொட்டுவதைத் தவிர்ப்பது பாவமாகாது. அளவறிந்து நிறுத்துவதும் அறத்தின் ஒரு பகுதியே.

பறவைக்கு அன்னமிடுதல் என்றவுடன் பெரியோர் உள்ளத்தில் எழும் தலம் திருக்கழுக்குன்றம். பட்சிதீர்த்தம் என்று பெயர்பெற்ற அத்தலத்தில், வேதகிரி மலைமீது நாள்தோறும் நண்பகலில் சர்க்கரைப் பொங்கல் வைக்கப்பெறும். மஞ்சள்முகப் பாறுகள் வானிலிருந்து இறங்கி வந்து உண்ணும் காட்சியைத் தலைமுறை தலைமுறையாக மக்கள் கண்டு வணங்கினர். இன்று எழுபது, எண்பது அகவையினராயுள்ள அன்பர் பலர் இளமையில் அதைக் கண்ணாரக் கண்டவர்களே. 1990-களின் இறுதியில் அவ்வருகை நின்றுபோயிற்று.

அன்னம் வைத்தவர் தவறவில்லை; பொழுதும் தவறவில்லை. ஆனால் மலைக்கு வெளியே நாடு மாறியிருந்தது. அதே ஆண்டுகளில்தான் இந்தியா முழுவதும் பாறு இனங்கள் வேகமாக மறைந்தன. கால்நடைகளின் வலி தணிக்கக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடல் வழியாக அதை உண்ட பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது. சில இனங்கள் 95 விழுக்காட்டிற்கும் மேல் அருகிப்போயின. 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த அரசு தடை விதித்தது.

தட்டிலுள்ள அன்னம் மட்டும் ஒரு பறவையைக் காப்பதில்லை என்பதை அத்தலம் உணர்த்துகிறது. அது அமரும் மரமும், குஞ்சுக்கு ஊட்டும் புழுவும், குடிக்கும் நீரும், நஞ்சில்லாத இரையும் சேர்ந்ததே அதன் உணவு. படியேறி மாடிக்குச் செல்ல முழங்கால் இடங்கொடாத முதியோரும் இவற்றைச் செய்யலாம்: செடியில் இரண்டு பூக்களை விடச் சொல்லலாம், சருகைப் பெருக்காதே என்று தடுக்கலாம், பேரனின் கையில் சட்டியைக் கொடுத்து நீரை மாற்றிவரச் சொல்லலாம். அப்பிள்ளை அதை ஒரு சித்திரை முழுவதும் செய்தால், பூதயக்ஞம் இன்னொரு தலைமுறைக்குக் கைமாறிவிட்டது என்று பொருள்.